கை தெரிகிற சுவர்

"என் அறையில் என்ன குறை?" என்று கேட்டாள் குமுதவல்லி.

கைகளால் கேட்டாள். ஏனென்றால் எதிரே உட்கார்ந்திருந்த தஸ்லிமாவுக்குக் காது கேட்காது.

தஸ்லிமா தேநீர்க் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினாள்.

குமுதவல்லிக்கு ஐம்பத்தொரு வயது. தஸ்லிமாவுக்கு இருபத்தொன்பது. ஆனாலும் தஸ்லிமாதான் ஆசிரியை. திருச்சி தென்னூரில், ஒரு தையல் கடைக்கு மேலே இருந்த அந்த மாடி அறையில்தான் குமுதவல்லி இரண்டு வருடம் சைகை மொழி படித்தாள்.

கைகளின் மொழியில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு கிடையாது. விரல் நீட்டினால் எதிரே இருப்பவர், அவ்வளவுதான். மரியாதை முகத்தில் இருக்கும். எழுத்தில்தான் 'நீங்கள்' என்று போட வேண்டியிருக்கிறது.

"குறை இருக்கிறது என்று யார் சொன்னது?" என்றாள் தஸ்லிமா.

"மூன்று பேர் பொத்தானை அழுத்திவிட்டார்கள்."

அந்தப் பொத்தான் என்னவென்று தஸ்லிமாவுக்குத் தெரியும்.

காது கேளாதவர்கள் ஆஸ்பத்திரிக்கோ வங்கிக்கோ போனால், போனில் வீடியோ வழியாக ஒரு மொழிபெயர்ப்பாளரை அழைத்துக்கொள்ளலாம். எதிரே இருப்பவர் பேசுவதை அவர் கைகளால் சொல்வார். இவர்கள் கைகளால் சொல்வதை அவர் வாயால் சொல்வார். அந்த வேலைதான் குமுதவல்லிக்குக் கிடைத்திருந்தது. வீட்டிலிருந்தே செய்யலாம். மூன்று மாதம் சோதனைக் காலம்.

மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்கவில்லை என்றால் திரையில் ஒரு பொத்தான் உண்டு. 'வேறு ஒருவர் வேண்டும்.' காரணம் கேட்காது.

"இன்னும் பதினைந்து நாள்தான் இருக்கிறது. அதற்குள் இன்னொருவர் அழுத்தினால் நான் அவ்வளவுதான்," என்றாள் குமுதவல்லி.

தஸ்லிமா காத்திருந்தாள். அது மட்டுமில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"கரூரில் ஒரு பெரியவர். நெசவாளர். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுங்கள் என்று டாக்டர் சொன்னார். நான் முன்னால் என்றுதான் சொன்னேன். அவர் பின்னால் என்று எடுத்துக்கொண்டார். நல்லவேளை, மருந்து கொடுக்கிற பெண் எழுதிக் காட்டி மறுபடி கேட்டிருக்கிறாள். என் கை சரியாகத்தான் சொன்னது, டீச்சர். எனக்கு நன்றாகத் தெரியும்."

"காட்டுங்கள்."

குமுதவல்லி 'முன்னால்' என்று காட்டினாள். 'பின்னால்' என்று காட்டினாள்.

"சரியாகத்தான் இருக்கிறது," என்றாள் தஸ்லிமா.

"அப்படியானால் அறையில்தான் ஏதோ குறை."

குமுதவல்லி போனைத் திறந்து படங்களைக் காட்டினாள்.

இரண்டு மாதம் பாடுபட்டு உருவாக்கிய அறை. வேலைக்கென்று தனியாக ஓர் இடம் வாழ்க்கையில் அவளுக்கு வாய்த்தது இதுதான் முதல் முறை. இருபத்தாறு வருடம் ஒரு தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அங்கே நாலு பேருக்கு ஒரு மேசை. மேலே கட்டுக் கட்டாகக் கோப்புகள். நாற்காலிக்கு ஒரு கால் ஆடும்.

அந்த அலுவலகத்துக்கு ஒருமுறை காது கேளாத ஒருவர் மனுவோடு வந்தார். அவர் சொன்னது யாருக்கும் புரியவில்லை. மறுபடி வந்தார். மூன்றாம் முறை வந்தபோது எதுவும் சொல்ல முயலவில்லை. குமுதவல்லியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

அந்தக் கும்பிடு அவளை விடவில்லை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு தஸ்லிமாவிடம் படிக்க வந்தாள்.

அப்படி வந்த வேலைக்குத்தான் இந்த அறை. நாற்காலிக்குப் பின்னால் காபிக்கொட்டை நிறத்தில் சுவர். அதில் மூன்று பித்தளைத் தட்டுகள். மரச் சட்டம் போட்ட அலமாரி. தொங்கும் தொட்டிகளில் மணிபிளான்ட். ஜன்னலுக்கு மெல்லிய திரை, அதன் வழியாகப் பொன்னாய் இறங்கும் வெயில். தங்க நிற மேசை விளக்கு. பெங்களூரிலிருந்து வந்த மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "அம்மா, எங்க எம்.டி. ரூம் கூட இப்படி இல்லைம்மா," என்றாள்.

தஸ்லிமா ஒவ்வொரு படத்தையும் நிதானமாகப் பார்த்தாள். ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பித்தளைத் தட்டின் வேலைப்பாட்டை ரசித்தாள்.

"அழகு," என்றாள்.

சும்மா சொன்னதல்ல. அவள் முகமே சொன்னது.

"அப்புறம் என்ன குறை?"

தஸ்லிமா படங்களை மறுபடி ஒரு முறை தள்ளிப் பார்த்தாள்.

"இதில் நீங்கள் எங்கே?"

"அறையைக் காட்டத்தானே எடுத்தேன்," என்றாள் குமுதவல்லி.

தஸ்லிமா தேநீரைக் குடித்து முடித்தாள்.

*

படியிறங்குவதற்கு முன் குமுதவல்லி அந்த அறையை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

இரண்டு வருடம் வந்துபோன அறைதான். ஆனால் இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. எவ்வளவு நேர்த்தி. தஸ்லிமா உட்காரும் இடத்துக்குப் பின்னால் அடர்நீலச் சுவர், ஒரு ஆணி கூட இல்லாமல். வட்ட மேசை, அதைச் சுற்றி உட்கார்ந்தால் எல்லோர் கையும் எல்லோருக்கும் தெரியும். மேசையில் ஒரே ஒரு வெள்ளை விளக்கு. கதவுக்கு எதிரே ஒரு நீளக் கண்ணாடி. யாராவது உள்ளே வந்தால், வேலை செய்துகொண்டே அதில் பார்த்துக்கொள்ளலாம். அழைப்பு மணியை அழுத்தினால் கூரை ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு மினுங்கும்.

ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் பிறந்தது போல் இருந்தது.

"அந்த நீலம் என்ன கம்பெனி, டீச்சர்?"

"சொல்லட்டுமா?"

"சொல்லுங்கள்."

தஸ்லிமா ஒரு தாளில் பெயரையும் எண்ணையும் எழுதிக் கொடுத்தாள். விளக்கு வாங்கிய கடையின் பெயரையும் எழுதினாள். கொடுக்கும்போது கொஞ்சம் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அன்பென்று நினைத்துக்கொண்டாள் குமுதவல்லி. அன்புதான். வேறு ஏதோவும் அதில் இருந்தது.

*

"மறுபடியும் பெயின்ட்டா?" என்றார் அவள் கணவர் பசுபதி.

"இது கடைசி."

"போன தடவையும் கடைசின்னுதான் சொன்ன."

சொன்னாரே தவிர, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பித்தளைத் தட்டுகள் இறங்கின. அலமாரி பக்கத்து அறைக்குப் போனது. காபிக்கொட்டை மறைந்து அடர்நீலம் வந்தது. அதே எண். அதே விளக்கு. அதற்குப் பொருத்தமாக ஒரு நீலப் பருத்திப் புடவையும் எடுத்தாள். மேசையை மட்டும் நகர்த்தவில்லை. ஜன்னல் வெயில் முதுகுப் பக்கம் விழுவது அவளுக்கு இதமாக இருந்தது.

உறையூர் வீட்டில் தென்னூர் அறை வந்து உட்கார்ந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை ஓர் அழைப்பு வந்தது. ஒரு கல்லூரி மாணவன், வங்கியிலிருந்து. வழக்கம் போலவே அவனும் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டு வந்தான். கண்களை இடுக்கினான். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். லைன் சரியில்லையோ என்னவோ என்றுதான் இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தாள்.

"மறுபடி சொல்லுங்கள்," என்றான்.

சொன்னாள்.

"மறுபடி."

நான்காம் முறை அவன் சிரித்து, "மன்னிக்கவும்," என்றான். திரை அணைந்தது.

பொத்தான்.

ஆனால் அன்று மாலை சேவை மையத்திலிருந்து வந்த கடிதம் அவளை நீக்கவில்லை. இன்னும் ஒரு வாய்ப்பு, ஒரு வாரம் இடைவெளி எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று இருந்தது. அந்தக் கருணைதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

மேசையில் உட்கார்ந்தபடியே தன்னைப் படமெடுத்தாள். நீலச் சுவர், நீலப் புடவை, வெள்ளை விளக்கு. தஸ்லிமாவுக்கு அனுப்பினாள். 'இப்போது நான் இருக்கிறேன் அல்லவா?' என்று கீழே எழுதினாள்.

பதில் வந்தது.

'அழகு. ஆனால் நீங்கள் எங்கே?'

குமுதவல்லி போனைக் கவிழ்த்து வைத்தாள். சின்னப் பெண்ணுக்கு விளையாட்டாக இருக்கிறது என்று முதல்முறையாகக் கோபம் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் போன் மறுபடி அதிர்ந்தது.

'நாளைக் காலை வருகிறேன். பொங்கல் செய்வீர்களா?'

*

தஸ்லிமா பொங்கல் சாப்பிட்டாள். இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பசுபதி மகிழ்ந்து, தனக்குத் தெரிந்த ஒரே சைகையான 'நன்றி'யை மூன்று முறை சொன்னார்.

பிறகு அறைக்குள் வந்தாள்.

தன் அறையை இங்கே பார்த்தும் அவள் சிரிக்கவில்லை. சுவருக்குப் பக்கத்தில் போனாள். தன் கையை அதன்மேல் வைத்தாள்.

தஸ்லிமா நல்ல சிவப்பு. அடர்நீலத்தில் அந்தக் கை ஒரு நிலவு போல நின்றது. ஐந்து விரலும், விரலுக்கு இடையில் இருக்கும் இடைவெளியும், மடிப்பும், எல்லாம் தெரிந்தன.

கையை எடுத்துவிட்டு, "நீங்கள்," என்றாள்.

குமுதவல்லி தன் கையை வைத்தாள்.

தஸ்லிமா பின்னோக்கி நடந்து அறையின் மறுகோடிக்குப் போனாள். அங்கிருந்து ஒரு படம் எடுத்தாள். போனை நீட்டினாள்.

படத்தில் நீலச் சுவர் இருந்தது. அதில் இரண்டு வளையல்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

குமுதவல்லி பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள்.

அவளுக்கு எல்லாம் புரிந்தது. புரிந்த வேகத்திலேயே முகம் இறுகியது.

"என் நிறம்," என்றாள்.

போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"என் நிறம்தான் குறை. அதைச் சொல்வதற்கு இத்தனை நாளா?"

அவள் கைகள் வேகமாகப் பேசின. தஸ்லிமாவின் வகுப்பில் ஒரு நாளும் அவை அப்படிப் பேசியதில்லை.

"எட்டாம் வகுப்பில் ஆண்டு விழா நடனம். எல்லோருக்கும் இளமஞ்சள் பாவாடை. எனக்கு மட்டும் மெரூன். கறுப்புக்கு லைட் கலர் ஒத்து வராது, இன்னும் கறுப்பாக் காட்டும் என்றார்கள். கடைசி வரிசையில் நிற்க வைத்தார்கள். கல்யாணப் புடவை எடுக்கப் போனபோது கடைக்காரரே நான் கையை நீட்டிய புடவையை மடித்து உள்ளே வைத்துவிட்டார். இதெல்லாம் உங்களுக்கு எடுக்காதும்மா என்றார். அவர்கள் சொல்வது சரி என்று நானும் கற்றுக்கொண்டேன். மெரூன், காபி, அடர்பச்சை. முப்பத்தைந்து வருடமாக என் அலமாரியில் இந்த நீலத்தைத் தவிர வேறு நிறம் கிடையாது. எதோடும் ஒட்டிப்போகிற நிறம். யாரும் திரும்பிப் பார்க்காத நிறம். இப்போது நீங்களும் சொல்கிறீர்கள்."

நிறுத்தினாள்.

தஸ்லிமா நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு நேராக உட்கார்ந்தாள்.

"நான் படித்த முதல் பள்ளியில் கையால் பேசக் கூடாது," என்றாள். "வாயால்தான் பேசிப் பழக வேண்டும். கையைத் தூக்கினால் மேசைக்கு அடியில் வைக்கச் சொல்வார்கள். ஏழு வருடம் என் கைகள் மேசைக்கு அடியில் இருந்தன."

குமுதவல்லி இதை அறிந்ததில்லை.

"உங்கள் கைகளையும் ஒளித்துவைக்கச் சொன்னார்களா?" என்று கேட்டாள் தஸ்லிமா.

குமுதவல்லி தன் கைகளைப் பார்த்தாள். அவை மடியில், நீலப் புடவையின் மேல் இருந்தன. அங்கேயும் சரியாகத் தெரியவில்லை.

பசுபதி காபியோடு வந்து, இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டு, ஓசைப்படாமல் வைத்துவிட்டுப் போனார்.

கடைசியில் குமுதவல்லிதான் கேட்டாள்.

"என்ன நிறம் அடிக்கட்டும்?"

"எனக்குத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியாதா?"

"உங்கள் கைக்குத் தெரியும். பெயின்ட் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த நிறம் அதைக் காட்டிக்கொடுக்கிறதோ, அது."

எழுந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். நாற்காலிக்குப் பின்னால் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. குமுதவல்லியை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே நின்று, தன் முகத்தை உள்ளங்கையால் மூடி, முகம் இருட்டாகிவிடுகிறது என்று காட்டினாள்.

குமுதவல்லி திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். பிறகு இருவருமாக மேசையைத் தூக்கி, வெயில் முகத்தில் விழும்படி மாற்றிப் போட்டார்கள்.

பக்கத்து அறையில் தரையில் கிடந்த பித்தளைத் தட்டுகளைத் தஸ்லிமா கண்டாள். ஒன்றை எடுத்துத் துடைத்தாள். கணினித் திரைக்குப் பின்னால் வருகிற சுவரில், குமுதவல்லி உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே படுகிற இடத்தில், பிடித்துக் காட்டினாள்.

"இதை ஏன் முதுகுக்குப் பின்னால் மாட்டினீர்கள்? இவ்வளவு அழகாக இருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டாமா?"

*

பெயின்ட் கடையில் நிற அட்டைகள் விசிறி போல விரிந்தன.

"மேடம், ஆபீஸ் ரூம்னா இந்த டார்க் ஷேடு தான் இப்ப போகுது," என்றார் கடைக்காரர்.

"சரிங்க," என்றாள் குமுதவல்லி. கையை முதல் அட்டையின் மேல் வைத்தாள்.

அவர் வியப்போடு பார்த்தார்.

அடுத்த அட்டை. அடுத்தது. தேக்கு நிறத்தில் கை பாதி கரைந்தது. பழுப்பில் முழுக்கக் கரைந்தது. சாம்பலில் எழுந்து வந்தது. அவள் தள்ளிக்கொண்டே போனாள். இத்தனை வருடமாகக் கை போகாத பக்கத்துக்கு அட்டைகள் வந்து சேர்ந்தன.

ஓர் அட்டையின் நிறத்துக்கு ஒரு நீளமான ஆங்கிலப் பெயர் இருந்தது. மழை பெய்து ஓய்ந்த காலையில் கிழக்கே தெரிகிற வானத்தின் வெளிர்நீலம். அதன்மேல் கையை வைத்தாள்.

விரல்கள் தெரிந்தன. ஒவ்வொன்றும் தெரிந்தது. கணுக்களில் இருந்த மடிப்புகள், நகக்கண், கட்டைவிரல் ஓரத்தில் சின்ன வயதில் அரிவாள்மணை கீறிய தழும்பு. யாரோ நிதானமாக மை தொட்டு வரைந்த மாதிரி இருந்தது.

தன் கை இவ்வளவு நீளமான விரல்கள் கொண்டது என்று அவளுக்குத் தெரியாது.

"மேடம், இது உங்களுக்கு..." என்று ஆரம்பித்தார் கடைக்காரர்.

"இதுதாங்க வேணும்."

அங்கிருந்து நேரே ஜவுளிக்கடைக்குப் போனாள். வெறும் இளமஞ்சளில், கரை இல்லாமல், பூ இல்லாமல், ஒரு புடவை கேட்டாள். எடுத்துக் காட்டிய பெண் புடவையை அவள் தோளில் போட்டுப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல், கண்ணாடியை அவள் பக்கம் திருப்பினாள்.

மூன்றாம் முறையாகப் பசுபதி ஸ்டூலைப் பிடித்தார். இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை.

சுவர் காய்ந்த பிறகு அவள் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். மேசையில் கணினி, ஒரு குறிப்பேடு, தண்ணீர். எதிரே பித்தளைத் தட்டுகள் மூன்றும் மின்னின. மணிபிளான்ட் கீழே இறங்கி வந்துகொண்டிருந்தது. அவள் கண்ணுக்கு விருந்து. வளையல்களைக் கழற்றிக் குறிப்பேட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பசுபதி வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல," என்றார். போகவில்லை.

*

இடைவெளி முடிந்து அவள் உட்கார்ந்த முதல் நாள், காலை பதினோரு மணிக்கு ஓர் அழைப்பு வந்தது.

புதுக்கோட்டைப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரி. படுக்கையில் ஒரு பெண். பெயர் செல்வமலர். இருபத்து நாலு வயது. காது கேளாதவள். தலைப்பிரசவம். போனைப் பிடித்திருந்தது நர்ஸ்.

செல்வமலரின் கண்கள் அங்குமிங்கும் அலைந்துகொண்டிருந்தன. அறையில் எல்லோரும் முகக் கவசம் போட்டிருந்தார்கள். யார் பேசுகிறார்கள் என்று கூட அவளுக்குத் தெரியவில்லை.

திரையில் குமுதவல்லி வந்தாள். "வணக்கம். நான் குமுதவல்லி. இங்கே பேசுகிற எல்லாவற்றையும் உங்களுக்குச் சொல்வேன்," என்றாள்.

செல்வமலர் பார்த்தாள். முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டு வரவில்லை. கண்களை இடுக்கவில்லை. தலையணையில் சாய்ந்தபடியே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"குழந்தையோட இதயத்துடிப்பு குறைஞ்சிட்டே வருது," என்றார் டாக்டர். "இனிமே காத்திருக்க முடியாது. ஆபரேஷன் பண்ணணும்."

குமுதவல்லியின் கைகள் சொல்லின.

"அவளுக்கு என்னங்க தெரியும், எங்கிட்ட சொல்லுங்க டாக்டர்," என்றது ஓரத்தில் ஒரு குரல். மாமியாராக இருக்க வேண்டும்.

அதையும் கைகள் சொல்லின. செல்வமலர் அந்த ஓரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்லம்மா. அவங்கதான் சொல்லணும்," என்றார் டாக்டர்.

அதையும் சொன்னாள்.

செல்வமலரின் வலது கையில் மருந்துக் குழாய் ஏறிக்கொண்டிருந்தது. இடது கையைத் தூக்கினாள்.

"என்னைத் தூங்க வைப்பார்களா?"

"முதுகுல ஊசி போடுவோம். இடுப்புக்குக் கீழ மரத்துப் போகும். முழிச்சிருப்பீங்க."

"நடுவில் துணி கட்டுவீர்களா?"

"கட்டுவோம்."

"அப்படியானால் எனக்கு என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்?"

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். இப்படி ஒரு கேள்வியை இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலும்.

செல்வமலர் திரையைக் காட்டினாள். "இவர் வர வேண்டும்."

குமுதவல்லி வாயால் சொன்னாள். தன்னைப் பற்றியதுதான் என்றாலும், செல்வமலர் சொன்னதை அப்படியே சொன்னாள். "இவர் வர வேண்டும்."

டாக்டர் திரையைப் பார்த்தார்.

"போனை நல்லாத் துடைச்சு ஒரு பிளாஸ்டிக் கவர்ல போடுங்க," என்றார் டாக்டர் நர்ஸிடம். "தலைமாட்டுல ஸ்டாண்ட் இருக்குல்ல, அதுல மாட்டுங்க. அவங்க கண்ணுக்கு நேரா."

செல்வமலர் இடது கையாலேயே கையெழுத்துப் போட்டாள். கோணலாக இருந்தது. அவளே போட்டாள்.

*

விளக்குகளுக்குக் கீழே உலகம் சின்னதாகிவிட்டது. பச்சைத் துணி, அதற்கு இந்தப் பக்கம் ஒரு முகம், அந்த முகத்துக்கு நேரே ஒரு போன்.

குமுதவல்லிக்குத் துணிக்கு அந்தப் பக்கம் நடப்பது தெரியவில்லை. குரல்கள் மட்டும் கேட்டன. கேட்டதை எல்லாம் சொன்னாள்.

"இப்போது சுத்தம் செய்கிறார்கள். குளிர்ச்சியாக இருக்கும் என்கிறார்கள்."

"ஆரம்பித்துவிட்டார்கள். வலிக்கிறதா என்று கேட்கிறார்கள்."

"வலிக்கவில்லை," என்றாள் செல்வமலர்.

"நர்ஸ் கத்தரிக்கோல் கேட்கிறார். இன்னொருவர் கையுறை கிழிந்துவிட்டது என்கிறார். வேறு மாட்டிக்கொள்கிறார்."

செல்வமலர் சின்னதாகப் புன்னகைத்தாள். மற்றவர்கள் கேட்கிற சில்லறைப் பேச்செல்லாம் அவளுக்கும் வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

"இப்போது வயிற்றை அழுத்துவார்கள். பயப்பட வேண்டாம் என்கிறார் டாக்டர்."

செல்வமலரின் முகம் இறுகியது. அவள் கண்கள் குமுதவல்லியின் கைகளை விட்டு அசையவில்லை. பிடித்துக்கொள்ள அந்த அறையில் வேறு ஒன்றும் இல்லாதது போல அவற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

குரல்கள் நின்றன.

குமுதவல்லியின் கைகளும் நின்றன.

"என்ன?" என்றது செல்வமலரின் இடது கை.

"யாரும் பேசவில்லை," என்றாள் குமுதவல்லி. அதுதான் உண்மை. அதை மாற்றிச் சொல்ல அவளுக்கு உரிமை இல்லை.

"என்ன?"

"இன்னும் பேசவில்லை."

தட்டில் ஏதோ உலோகம் பட்டது. யாரோ வேகமாக நடந்தார்கள். குமுதவல்லி கைகளை நெஞ்சுக்கு நேரே, தெரிகிற இடத்தில், அசையாமல் வைத்திருந்தாள். அவற்றைக் கீழே இறக்கினால் அந்தப் பெண் எங்கே விழுவாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு அது கேட்டது.

முதலில் ஒரு விக்கல் போல. அப்புறம் ஒரு கீறல். அப்புறம் முழுசாக.

"பொண்ணு," என்றார் டாக்டர். "நல்லா இருக்கா."

"பெண் குழந்தை. நன்றாக இருக்கிறாள்," என்றன குமுதவல்லியின் கைகள். "அழுகிறாள்."

செல்வமலரின் கண்ணிலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் ஓடியது. அவள் துடைக்கவில்லை. இடது கையைத் தூக்கினாள்.

"எப்படி அழுகிறாள்?"

குமுதவல்லி திகைத்தாள். தஸ்லிமா அதற்கு ஒரு சைகையும் கற்றுக்கொடுக்கவில்லை. எந்தப் பாடத்திலும் அது இல்லை.

கேட்டாள். நன்றாகக் காது கொடுத்துக் கேட்டாள்.

பிறகு இரண்டு கைகளையும் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கினாள். விரல்களைச் சின்னச் சின்னதாக மடக்கி முஷ்டியாக்கினாள். கண்களை இறுக்கி மூடினாள். வாய் திறந்தது. முஷ்டிகள் நடுங்கின, ஏறின, இன்னும் ஏறின, உச்சியில் அப்படியே நின்றன. மூச்சுக்கு ஒரு இடைவெளி. மறுபடி, முன்னைவிடப் பெரிதாக. யாரைக் கேட்டு என்னை வெளியே எடுத்தீர்கள் என்பது போல ஒரு உதறல். ஒரு விம்மல். மறுபடி.

வெளிர்நீலச் சுவருக்கு முன்னால் அந்தக் கறுத்த கைகள் அழுதன.

செல்வமலர் கடைசி வரைக்கும் பார்த்தாள். அவள் உடம்பு குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிய கொஞ்ச நேரம் ஆயிற்று.

"கோபக்காரி," என்றாள்.